வழி தவறாத யாத்ரீகர்கள்

நாம் ஒரு பிரயாணம் புறப்படுவதென்றால் அதற்கு எத்தனை முஸ்தீபுகள்! நாள் பார்க்க வேண்டும். டிக்கெட் வாங்க வேண்டும். வழியில் பசியாறக் கட்டுச்சாதம் வேண்டும். போகுமிடத்தில் யார் வீட்டில் இறங்குவதென்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். கடல் கடந்து போவதாயிருந்தாலோ பாஸ்போர்ட் என்றும் விஸா என்றும் இன்னும் பல சங்கடங்கள். இவ்வளவும் செய்த பிறகும், வண்டி மாறி ஏறி வேறு ஊரில் போய் இறங்குகிறவர்கள் நம்மில் இல்லாமலில்லை.

ஆனால் வருஷந்தோறும் நமது தேசத்தின் ஆகாசத்தையும் கடலையும் கடந்து செல்லும் வேறு சில யாத்ரீகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மூட்டை முடிச்சுக் கிடையாது, படம் கிடையாது, திசை காட்டும் கருவி கிடையாது. புறப்படும் நாளையும் போகும் திக்கையும் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான மைல்களைத் தாண்டி, போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டிய பருவத்தில் தவறாமல் போய்ச் சேருகிறார்கள். அப்படிப்பட்ட நால்வரின் கதையை இங்கே சொல்லப் போகிறோம். ஒருவர் வாத்து, ஒருவர் தும்பி, ஒருவர் வல்லூறு, மற்றொருவர் ஆமை. நால்வரும் நமக்கு அன்னியரல்லர். நம் நாட்டில் தங்கி, உண்டு, இளைப்பாறிச் செல்லும் விருந்தாளிகளே.

ஹிமாசலத்தைத் தாண்டும் வாத்து

திருநெல்வேலி ஜில்லாவில் நாங்குநேரிக்கு அருகே கூந்தன்குளம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. மார்கழி மாதத்தில் அங்கே ஏரிக்கரையில் நின்று பார்த்தால், உடல் சாம்பல் நிறமாயும், தலை வெண்மையாயும், பின்தலையில் இரண்டு கரிய பட்டைகள் குறுக்கே ஓடுவதாயும் உள்ள பெரிய வாத்துக்கள் கூட்டமாக மிதப்பதைக் காணலாம். அவற்றுக்குப் பட்டைத்தலை வாத்து என்று பெயர். சாதுவாக நீரில் அசைந்தாடிக் கொண்டிருக்கும் இந்தப் பட்சிகளைப் பார்க்கிறவர்களுக்கு, இவை உலகத்திலேயே உயரமான மலைத்தொடரைத் தாண்டி வந்தவை என்பது லேசில் தோன்றாது.

இவற்றின் பிறந்தகம் மங்கோலியாவும் திபெத்துப் பீடபூமியும். அங்கே கோடையில் ஏரிக்கரைகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. குளிர் வந்து ஏரிகள் உறையத் தொடங்கியதும் தெற்கே புறப்படுகின்றன. குறுக்கே நிற்பதோ ஹிமாசலம். வேறு பல பறவைகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. இந்த வாத்தோ நேரே அதன் மேலேயே ஏறிக் கடக்கிறது.

மலை உச்சியில் காற்று எவ்வளவு நைந்து போயிருக்கும் என்பதை மலையேறுகிறவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். பத்தடி நடப்பதற்குள் மூச்சு முட்டும், தலை சுற்றும். அவ்விடத்தில் சிறகடித்துப் பறப்பது என்றால் ஓடுவதைக் காட்டிலும் பன்மடங்கு கடினமான வேலை. நைந்த காற்றில் சிறகுக்குப் பிடிமானமும் குறைவு. மூச்சுக்குப் பிராணவாயுவும் குறைவு. இதற்காக இயற்கை இந்த வாத்துக்குச் சில விசேஷ வசதிகளைச் செய்து கொடுத்திருக்கிறது. அதன் சுவாசப் பைகள் மற்ற வாத்துக்களுடையதைவிடப் பெரியவை. அதன் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள், குறைவான பிராணவாயுவையும் விடாமல் பற்றிக்கொள்ளும் தன்மை வாய்ந்தவை. சிறகை அசைக்கும் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன.

விஞ்ஞானிகள் இப்பறவைகளின்மீது சிறு கருவிகளைப் பொருத்தி, அவை செல்லும் உயரத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். மிக அதிகமாகப் பதிவான உயரம் 7,290 மீட்டர், அதாவது ஏறக்குறைய 24,000 அடி! ஆனால் இதைவிட ருசிகரமான விஷயம் ஒன்றும் அந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. வாத்து ஒரேயடியாக உயரத்தில் ஏறிக்கொண்டு அங்கேயே பறப்பதில்லை. மலை ஏறும்போது அதுவும் ஏறுகிறது. பள்ளத்தாக்கு வந்தால் அதுவும் இறங்குகிறது. ஏறிய உயரத்தை வீணாக விட்டுவிட்டு மறுபடியும் ஏறுவானேன் என்று நமக்குத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால், நைந்த காற்றில் நெடுநேரம் சிறகடிப்பதைவிட இறங்கி ஏறுவதே லாபமாம். அதோடு, காற்று குளிர்ந்து கனத்திருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் அவை மிகுதியாகப் பறக்கின்றன. பின்னிருந்து தள்ளும் காற்றை நம்பியும் அவை காத்திருப்பதில்லை. சொந்தச் சிறகின் வலிமையே துணை.

இத்தனை பாடுபட்டு வருகிற விருந்தாளியைக் கூந்தன்குளத்து ஜனங்கள் எப்படி வரவேற்கிறார்கள்? அந்த ஊரில் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகள் மிரளுமே என்பதுதான் காரணம். வேறு இனப் பறவைகள் ஊருக்குள் வீட்டுக் கொல்லையிலுள்ள மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதை உழவர்கள் அறிந்திருக்கிறார்கள். சர்க்கார் 1994-ல் இவ்விடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் சரணாலயம் என்ற சொல்லைக் காகிதத்தில் எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே, அந்த ஊர் ஜனங்கள் அதைத் தங்கள் வழக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

மூன்று அங்குல மாலுமி

மழைக்காலத்தை ஒட்டி மைதானங்களிலும் வயல்வெளிகளிலும் தட்டாரப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாகப் பறப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவை தாழப் பறந்தால் மழை வரும் என்பார்கள் கிராமத்துப் பெரியவர்கள். அவற்றின் வாலில் நூலைக் கட்டிப் பறக்க விடுவதில் சிறுவர்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம். அப்படி நூலில் கட்டப்படுகிறவற்றில் பொன்னிறமான ஒரு ஜாதித் தும்பி உண்டு. இரண்டு சிறகையும் விரித்தால் மூன்று அங்குலம் இருக்கும். எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. இந்தப் பூச்சி இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்றால் நேயர்கள் நம்புவார்களா?

இந்த மர்மம் துலங்கிய விதமே ஒரு கதை. மாலத் தீவுகளில் வசித்துவந்த சார்ல்ஸ் ஆண்டர்ஸன் என்ற கடல் விஞ்ஞானி, வருஷந்தோறும் அக்டோபர் மாதத்தில் தும்பிகள் லட்சக்கணக்காக வந்து குவிவதைக் கவனித்தார். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். மாலத் தீவுகள் பவழத் திட்டுக்கள். அங்கே குளமோ ஓடையோ பெயருக்குக்கூட அபூர்வம். தும்பியோ நன்னீரில்தான் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க வேண்டும். ஆகவே இவை அங்கே பிறந்திருக்க முடியாது. அப்படியானால் எங்கிருந்து வந்தன? மிக அருகிலுள்ள நமது தேசத்துக் கரையே அங்கிருந்து 300 மைலுக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கிறது. நடுவில் இளைப்பாற இடம் அரிது. ஆண்டர்ஸன் பல வருஷங்கள் பொறுமையாகக் குறிப்பெடுத்தார். முதலில் தென்னிந்தியா, பிறகு வடக்கு மாலத் தீவுகள், பிறகு தெற்கு மாலத் தீவுகள், பிறகு ஸெய்ஷெல்ஸ் தீவுகள், கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்கா என்று, தும்பிகள் தென்படும் தேதிகள் வரிசைக் கிரமமாகப் பின்தள்ளிப் போவதைக் கண்டார். 2009-ல் தமது முடிவை வெளியிட்டார். தும்பிகள் மழையைப் பின்பற்றிச் சமுத்திரத்தைக் கடக்கின்றன என்பதே அது.

அந்தச் சமயத்தில் மாலத் தீவுகளில் கடல் மட்டத்தில் வீசுவது மேல்காற்று. தும்பி போக வேண்டிய திக்குக்கு அது நேர் எதிர். ஆனால் 3,000 அடிக்கு மேலே போனால் வடகிழக்கிலிருந்து வேறொரு காற்று வீசுகிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை கொண்டுவரும் பருவத்தோடு சேர்ந்த காற்று அது. தும்பி அந்த உயரத்துக்கு ஏறி, அக்காற்றின் முதுகில் சவாரி செய்கிறது. கீழே எதிர்க்காற்று அடித்தால் என்ன? மேலே ஒரு ராஜபாட்டை திறந்திருக்கிறது!

ஆப்பிரிக்காவை அடைந்ததும் அங்கே மழை பெய்து தேங்கிய குட்டைகளில் முட்டையிடுகிறது. ஏறக்குறைய ஆறு வாரத்தில் குஞ்சுகள் வளர்ந்து சிறகு பெறுகின்றன. குட்டை வற்றுவதற்குள் வளர்ந்துவிட வேண்டும் என்பதே அந்த அவசரத்துக்குக் காரணம். அவையும் மழையைத் தொடர்ந்து ஆப்பிரிக்காவின் வேறு பகுதிகளுக்குச் செல்லுகின்றன. அவற்றின் சந்ததிகள், நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று எழும் காலத்தில் அதன் துணைகொண்டு இந்தியாவுக்குத் திரும்புகின்றன. இந்த வட்டம் முழுவதும் சேர்ந்து 9,000 முதல் 11,000 மைல் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் பூர்த்தி செய்ய நான்கு தலைமுறைகள் ஆகின்றன. அதாவது, புறப்பட்ட தும்பி திரும்பி வருவதில்லை. கொள்ளுப்பேரன்தான் வருகிறான். பார்த்திராத ஊருக்கு, யாரும் காட்டாத வழியில், காலந்தவறாமல் வருகிறான். அடுத்த முறை குழந்தைகள் நூலும் கையுமாகத் தட்டானைத் துரத்தும்போது, இந்தச் சமாசாரத்தை அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள். நூல் தானாகவே கீழே விழுந்துவிடும்.

மனம் மாறிய கிராமம்

தும்பியின் பின்னாலேயே இன்னொரு யாத்ரீகரும் அதே சமுத்திரத்தைக் கடக்கிறார். அமூர் வல்லூறு என்பது அவர் பெயர். புறா அளவுதான் இருப்பார். கால்கள் சிவப்பு. பூச்சிகளே முக்கிய ஆகாரம். ஸைபீரியாவின் தென்கிழக்கிலும் வட சீனாவிலும், அமூர் நதி பாயும் பிரதேசங்களில் பிறந்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாப்பிரிக்கா வரையில் போகிறார். போக வர 13,000 மைலுக்கு மேல். வேட்டைப் பறவைகளில் இவ்வளவு நீண்ட யாத்திரை செய்கிறவை மிகச் சில. அரபிக் கடலின்மேல் பறக்கும்போது, அதே காலத்தில் கடல் கடக்கும் தும்பிகளே இவருக்கு வழிச்சோறாகின்றன என்று ஆண்டர்ஸன் கருதுகிறார்.

கடல் தாண்டுவதற்கு முன் இவர் உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தங்குமிடம் நமது வடகிழக்கு எல்லை. நாகாலாந்தில் வோக்கா ஜில்லாவில் தோயாங் நீர்த்தேக்கம் இருக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் லட்சக்கணக்கான வல்லூறுகள் அங்கே வந்து இறங்குகின்றன. அச்சமயம் மண்ணிலிருந்து ஈசல்கள் புறப்படும். அவற்றைத் தின்று பறவைகள் கொழுக்கின்றன. அந்தி வேளையில் அவை திரும்பி வரும்போது ஆகாசமே கறுத்துவிடும். மின்சாரக் கம்பிகளில் மணி கோத்தாற்போல் வரிசை வரிசையாக உட்காரும்.

இந்தக் காட்சியைப் பற்றி 2012-ல் உலகம் கேள்விப்பட்டபோது, அது அழகான செய்தியாக வரவில்லை. பாங்தி முதலிய கிராமங்களில் ஜனங்கள் மரத்துக்கு மரம் மீன்வலைகளைக் கட்டி, பறவைகளை ஆயிரக்கணக்கில் பிடித்து, உயிரோடும் புகையில் வாட்டியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரே பருவத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. வலையில் தலைகீழாகத் தொங்கிய பறவைகளின் படங்களைப் பார்த்துத் தேசமே திடுக்கிட்டது.

இதைப் படித்ததும் அந்த ஜனங்கள்மீது கோபம் பொங்குவது இயல்பு. ஆனால் அவர்களுடைய நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் செல்வந்தரல்லர், விவசாயத்தையும் மீன்பிடித்தலையும் நம்பிப் பிழைக்கிறவர்கள். வானத்திலிருந்து தானாக வந்து இறங்கும் பறவைகளை விற்றால், சில வாரங்களிலேயே குடும்பத்துக்கு நல்ல வரும்படி கிடைத்தது. பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதுமில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் உண்மையான அதிசயம். சர்க்கார் அதிகாரிகளும் இயற்கை ஆர்வலர்களும் கிராமங்களுக்குச் சென்றார்கள். வெறும் தண்டனையைப் பற்றி மட்டும் பேசாமல், பறவையின் கதையைச் சொன்னார்கள். கிராம சபைகள் கூடின. கிறிஸ்தவ ஆலயங்களில் இதைப் பற்றிப் பேசினார்கள். பறவையைப் பிடிப்பதில்லை என்று கிராமத்தார் தாங்களே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். மறுவருஷம், 2013-ல், ஒரு பறவைகூட வலையில் விழவில்லை! முந்தின வருஷம் வலை கட்டியவர்களில் பலர் அவ்வருஷம் காவலுக்கு நின்றார்கள். அந்த நவம்பரில் விஞ்ஞானிகள் மூன்று பறவைகளின் முதுகில் 5 கிராம் எடையுள்ள கருவிகளைக் கட்டி, அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டுப் பறக்க விட்டார்கள். தங்கள் கிராமத்தின் பெயரைத் தாங்கிய பறவை கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் சஞ்சரிக்கிறது என்ற செய்தி வந்தபோது, பாங்தி ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

சட்டத்தினால் ஒரு கையைத் தடுக்கலாம். ஆனால் ஓங்கிய கையே காக்கும் கையாக மாறுவதற்கு, சட்டத்தைவிடப் பெரிதான ஒன்று வேண்டியிருக்கிறது. சொந்த வரும்படியை விட்டுக்கொடுத்து அதைச் செய்து காட்டியவர்கள், தேசத்தின் ஒரு மூலையில் உள்ள மலை ஜனங்கள்.

பங்குனி ஆமை

நால்வரில் கடைசி யாத்ரீகர் நமது வாசலுக்கே வருகிறவர். தமிழ்நாட்டு மீனவர்கள் இவருக்குக் கொடுத்திருக்கும் பெயர் பங்குனி ஆமை. கடல் ஆமைகளில் சிறிய ஜாதி; நீளம் இரண்டடிக்குச் சற்று மேல். தை மாதம் தொடங்கிப் பங்குனி வரையில் பெண் ஆமைகள் நள்ளிரவில் கரையேறுகின்றன. நீரில் லாகவமாக நீந்தும் பிராணி, மணலில் தன் பாரத்தைத் தானே இழுத்துக்கொண்டு, நின்று நின்று வருவதைப் பார்த்தால் இரக்கமாயிருக்கும். தகுந்த இடம் வந்ததும் பின்னங்கால்களால், குடத்தின் வடிவத்தில், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டுகிறது. கண்ணால் பாராமலே, குயவனின் கை லாகவத்தோடு அக்குழி அமைகிறது. அதில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலை மூடி, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டித் தட்டிக் கெட்டிப்படுத்துகிறது. பிறகு திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறது. குஞ்சுகளை அது ஒருபோதும் காண்பதில்லை.

சுமார் ஏழு வாரத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிச்சயிப்பது மணலின் உஷ்ணம். மணல் குளிர்ந்திருந்தால் ஆண்கள் மிகுதி. சூடு அதிகமானால் பெண்கள் மிகுதி. குஞ்சுகள் இரவில் ஒரே கூட்டமாகப் புறப்பட்டு, வெளிச்சம் தெரியும் திக்கை நோக்கி ஓடுகின்றன. ஆதிகாலத்திலிருந்து இரவில் கடற்கரையில் வெளிச்சமான திக்கு கடல்தான். இன்றோ, கரையோரச் சாலையின் மின்சார விளக்குகள் கடலைவிடப் பிரகாசிக்கின்றன. குஞ்சுகள் திசை மாறிச் சாலையை நோக்கிப் போய் மாண்டு போகின்றன.

ஒரிஸாவின் கரையில் கஹிர்மாதா, ருஷிகுல்யா என்னும் இடங்களில் இந்த ஆமைகள் ஒன்றிரண்டாக வருவதில்லை. சில நாட்களுக்குள் லட்சக்கணக்கில் கரையேறுகின்றன. கால் வைக்க இடமின்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முன்னது இட்ட முட்டையைப் பின்னது தோண்டி எறிந்து, ஒரே திருவிழாக் கூட்டம்! மெக்ஸிகோ, கோஸ்டா ரிகா முதலிய வெகு சில இடங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்க்க முடியாது. 2025-ல் ருஷிகுல்யாவில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கிட்டார்கள். ஒரு காலத்தில் அந்தக் கரையிலிருந்து முட்டைகளைப் படகு படகாக வாரிச் சென்று சந்தையில் விற்றார்கள். 1970-களில் சட்டம் வந்து அது நின்றது.

ஆனால் அதே 2025-ஆம் வருஷம் ஜனவரியில், சென்னையை ஒட்டிய கடற்கரையில் வேறொரு காட்சி தென்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்துக் கரையொதுங்கின. ஆமை நீரில் வாழ்ந்தாலும் காற்றைத்தான் சுவாசிக்கிறது. அடிக்கடி மேலே வந்து மூச்செடுக்க வேண்டும். விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் மடிவலையில் அகப்பட்டால் மேலே வர முடியாது. மூச்சுத் திணறி இறந்துவிடும். இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பித் தடுப்பை வைத்து, மேலே ஒரு வாயில் விட்டால் போதும். மீனும் இறாலும் கம்பியிடையே நுழைந்து மடிக்குள் போகும். ஆமை தடுப்பில் முட்டி வாயில் வழியே வெளியேறிவிடும். சிறிது மீனும் அவ்வழியே தப்பிவிடுகிறதென்பது மீன்பிடிப்போரின் குறை. கடன் வாங்கிப் படகு ஓட்டுகிறவருக்கு அதுவும் நஷ்டந்தான் என்பதை மறுக்க முடியாது. அந்த நஷ்டத்தை அவர் ஒருவர் தலையிலேயே சுமத்தாமல், சர்க்காரும், மீனை வாங்கிப் புசிக்கும் நாமும் பங்கிட்டுக்கொள்வதே நியாயம்.

சென்னையில் இளைஞர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1988-ல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சங்கத்தார், பருவந்தோறும் இரவில் கடற்கரையில் மைல் கணக்காக நடக்கிறார்கள். ஆமையின் கால்தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்து, வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காக்கிறார்கள். குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். நாய்க்கும் நரிக்கும் சாலை விளக்குக்கும் தப்பி, அவ்விதம் கடல் சேர்ந்த குஞ்சுகள் எத்தனையோ.

பாங்தி கிராமத்தார் ஒரு வருஷத்தில் செய்ததை நாம் செய்ய முடியாதென்று சொல்வதற்கில்லை. கரையோர வீடுகளில் சில மாதங்கள் மட்டும் விளக்கைக் குறைக்கலாம். ஆமைப் பருவத்தில் விசைப்படகுகள் கரையை நெருங்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஏரியைத் தூர்த்து மனை போடுமுன், அங்கே வந்து இறங்குகிறவர் யார் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பிழைத்துப் பெரிதாகும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் வயதை அடையப் பத்துப் பதினைந்து வருஷமாவது செல்லும். எந்தக் கடற்கரைப் பிரதேசத்தில் பிறந்ததோ அதையே தேடி வரும். இந்தப் பங்குனியில் கடலில் இறங்கும் குஞ்சு அப்படித் திரும்பி வரும்போது, கரையில் மணலும் கடலில் வழியும் அதற்காக மிச்சம் வைத்திருக்க வேண்டியது நமது பொறுப்பு.